பழைய போர்டு காரின் வயது

சென்ற ஆண்டு மழைக்காலம் ஓய்ந்த சமயம், நம் காலனிக்குச் சுமார் நாற்பது கிலோமீட்டர் அப்பாலுள்ள சிற்றூர் ஒன்றில் பழைய மோட்டார் வண்டி ஒன்றைப் பார்த்துச் சொல்லுமாறு நம் சங்க அன்பர் ஒருவருக்கு அழைப்பு வந்தது. அன்பர் ரயில்வே பணிமனையில் நெடுங்காலம் சார்ஜ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இரும்பைத் தொட்டே அதன் குலம் கோத்திரம் சொல்லக்கூடியவர். நாமோ எழுத்து வேலைக்காரர். “இரும்பை நான் பார்த்துக்கொள்கிறேன், எண்களை நீர் படியும்” என்று கூறி அவர் நம்மையும் உடன் அழைத்துச் சென்றார். அங்கே கண்டதையும், அதன்பொருட்டுப் பின்னர்ப் படித்தறிந்ததையும் இம்மலர் வாயிலாக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

வண்டி தானியக் கிடங்கு ஒன்றின் பின்கட்டில், சாக்குகளுக்கு நடுவே நின்றது. போர்டு நிறுவனத்தின் டி மாடல் கார் அது. வீட்டில் அதைப் பற்றி இரு கட்சிகள் இருந்தன. மூதாட்டியார், தம் மாமனாரின் தந்தை அதனை 1912-ஆம் ஆண்டில் வாங்கினார் என்று தம் மாமனார் பன்முறை சொல்லக் கேட்டவர். பேரனோ, கையிலுள்ள பதிவுப் புத்தகத்தில் 1924 என்றிருப்பதைக் காட்டி, பாட்டியின் பேச்சு குடும்பப் பெருமைக்காகப் பின்னாளில் சேர்த்தது என்றான். இவ்வழக்கு பன்னிரண்டு ஆண்டுப் பெருமையோடு நின்றிருந்தால் நாம் போயிருக்க வேண்டுவதில்லை. ஐம்பதாண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிவு செய்வதற்கு இந்திய அரசு 2021 ஜூலைத் திங்களில் தனி விதி வகுத்தது. அவ்வாறு பதிந்த வண்டிக்கு ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகளைக் கொண்ட எண்பலகை கிடைக்கும். புதிதாகப் பதிய இருபதாயிரம் ரூபாய் கட்டணம். சான்று பத்தாண்டு செல்லும். வண்டி மூல வடிவில் இருத்தல் வேண்டும், சாஸி, உடற்கூடு, இஞ்சின் ஆகியவை பெரிதும் மாற்றப்பட்டிருத்தல் கூடாது என்பதும் விதி. விண்ணப்பத்தில் எந்த ஆண்டை எழுதுவது? பாட்டி சொன்ன ஆண்டை எழுதினால் புத்தகம் பொய். புத்தகத்தின் ஆண்டை எழுதினால் பாட்டி பொய். மூதாட்டியார் இதனை எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாங்கள் சென்ற அன்று அவர் கிடங்கு வாயிலிலேயே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார்.

டி மாடலின் வரலாற்றைச் சிறிது கூறாமல் மேலே செல்ல இயலாது. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்துப் பிக்கெட் அவென்யூ தொழிற்சாலையில் 1908-ஆம் ஆண்டு இறுதியில் ஹென்றி போர்டு இதனைச் செய்யத் தொடங்கினார். அப்பொழுது திறந்த காரின் விலை 850 டாலர். 1910-இல் ஹைலண்டு பார்க் என்னுமிடத்துப் பெரிய தொழிற்சாலைக்கு வேலை மாறிற்று. 1927 மே மாதம் உற்பத்தி முடியுமுன் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. 1925-ஆம் ஆண்டளவில் இருவர் அமரும் சிறு வண்டியின் விலை 260 டாலருக்கு இறங்கியிருந்தது. பத்தொன்பது ஆண்டுகளாக ஒரே பெயர். இஞ்சினின் அடிப்படை அளவும் ஒன்றே. நான்கு சிலிண்டர்கள், 2.9 லிட்டர் கொள்ளளவு, 20 குதிரைத் திறன். ஆயினும் மேற்பார்வைக்கு ஒன்றாகத் தோன்றும் அவ்விஞ்சினில் ஆண்டுதோறும் ஏதேனும் ஓர் உறுப்பு மாறிக்கொண்டே வந்தது. வயதறியும் வித்தை அங்கேதான் இருக்கிறது.

நம் நாட்டிற்கு வந்த போர்டு கார்களுக்கு இன்னும் ஒரு தனிச் செய்தி உண்டு. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்கு உட்பட்ட நாடுகளில், இங்கிலாந்து அயர்லாந்து நீங்கலாக, போர்டு கார்களை விற்கும் உரிமை கனடா நாட்டுப் போர்டு நிறுவனத்திடம் இருந்தது. அந்நிறுவனம் 1904-இல் டெட்ராய்ட் ஆற்றின் மறுகரையில் வாக்கர்வில் என்னுமிடத்தில் தோன்றியது. ஆகவே இந்தியச் சாலைகளில் ஓடிய டி மாடல்கள் பெரும்பாலும் கனடாவில் பிறந்தவை. வலப்பக்கம் ஸ்டீரிங் உடையவை. 1913 முதல் கனடாவில் செய்த இஞ்சின்களின் எண்ணுக்கு முன்னால் ‘சி’ என்ற ஆங்கில எழுத்து பொறிக்கப்பட்டது. கனடா வண்டிகளின் மரவேலையில் சதுரத் துளையுள்ள திருகாணிகளையும் காணலாம். ராபர்ட்சன் என்ற கனடா நாட்டவர் கண்டுபிடித்தவை அவை. 1926-இல் கனடா நிறுவனம் இந்தியாவிலேயே ஒரு கிளை நிறுவனத்தைத் தொடங்கிற்று. இச்செய்திகளை அறியாமல் அமெரிக்கப் புத்தகம் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இந்திய வண்டியைச் சோதிப்பவர், எடுத்த எடுப்பிலேயே இடம் வலம் தெரியாமல் தடுமாறுவார்.

சார்ஜ்மேன் அன்பர் முதலில் இஞ்சின் மூடியைத் திறக்கவில்லை. வண்டியைச் சுற்றி இருமுறை நடந்தார். முன்னால் நின்ற ரேடியேட்டர் பித்தளை. டி மாடலில் பித்தளை ரேடியேட்டர் 1916 வரைதான். 1917 மாடலிலிருந்து கறுப்பு வண்ணம் பூசிய இரும்புத் தகட்டு உறை வந்துவிட்டது. ஆனால் ரேடியேட்டர் கழற்றி மாட்டக்கூடியது. பளபளப்புக்காகப் பித்தளையைத் தேடி மாட்டுவோரும் உண்டு. ஆகையால் அவர் அதனோடு நில்லாமல், ஓட்டுபவர் காலுக்கு முன்னுள்ள தடுப்பைத் தட்டிப் பார்த்தார். அது நேராக நின்ற மரப்பலகை. 1915 மாடலில் இஞ்சின் மூடிக்கும் உடற்கூட்டுக்கும் இடையே வளைந்த தகட்டு அமைப்பு வந்தது. மேக்னெட்டோவிலிருந்து மின்சாரம் பெறும் முன்விளக்குகளும் அம்மாடலில் வந்தன. இவ்வண்டியிலோ நேர்ப்பலகை, வாயு விளக்குக்குரிய குழாய் போன இடமும் தெரிந்தது. உடற்கூட்டின் அமைப்பு முழுவதையும் ஒருவர் பெருமைக்காக மாற்றியிருப்பார் என்று கொள்வதற்கில்லை. “கூடு 1914-க்குப் பின்னது அன்று” என்று அன்பர் சொன்னார். மூதாட்டியாருக்கு அதனை மொழிபெயர்த்துச் சொன்னோம். அவர் பேரனைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

இனி இஞ்சின். டி மாடல் இஞ்சினைப் பார்த்துக் காலம் சொல்லுவதற்குச் சில அடையாளங்கள் உள்ளன. அவற்றை இங்குச் சற்று விரிவாகவே கூறுகின்றோம்.

முதன்முதல் வந்த ஏறத்தாழ 2,500 வண்டிகளில் தண்ணீரைச் சுழற்ற ஒரு பம்பு இருந்தது. அதன்பின் பம்பு போயிற்று. சூடேறிய நீர் தானே மேலெழுந்து ரேடியேட்டருக்குச் செல்ல, குளிர்ந்த நீர் கீழிருந்து சிலிண்டர்களைச் சுற்றி ஏறும் இயற்கையையே போர்டு நம்பினார். நம் வீட்டு வெந்நீர்த் தவலையில் நடப்பதும் அதுவே. தொடக்க ஆண்டுகளில் வால்வுகள் திறந்தவாறு வெளியே தெரிந்தன. 1911-ஆம் ஆண்டளவில் அவற்றிற்கு மூடிகள் வந்தன. இரண்டு மூடிகள் அவை. 1922-ஆம் ஆண்டு வாக்கில் அவ்விரண்டும் ஒன்றாகி ஒரே நீண்ட மூடியாயிற்று. சிலிண்டர் தலைப்பு 1916 வரை தாழ்வானது. 1917 முதல் உயரமானது. 1919-இல் மின்சார ஸ்டார்ட்டர் வந்தபோது, டைனமோ பொருத்துவதற்கேற்பச் சிலிண்டர் பிளாக்கின் வார்ப்பே மாறியது. இவையெல்லாம் பேனாவால் திருத்த இயலாத சான்றுகள்.

உறுப்புகளில் பொறித்த எழுத்துகள் இன்னொரு வகைச் சான்று. ஏறக்குறைய ஒவ்வோர் உறுப்பிலும் கையெழுத்துப் போன்ற வடிவில் போர்டு என்ற பெயர் இருக்கும். அதனோடு தொழிற்சாலை வரைபட எண்ணும் பல உறுப்புகளில் உண்டு. அது ‘டி’ என்ற எழுத்தில் தொடங்கும். விற்பனைக்குரிய உதிரிபாகப் பட்டியலில் அதே உறுப்புக்கு வேறொரு நான்கிலக்க எண். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு கையில் உள்ளது வேறு உறுப்பு என்று மயங்குவோர் பலர். 1914 வரை டாட்ஜ் சகோதரர்கள் போர்டுக்கு உறுப்புகள் செய்து தந்தனர். அவர்கள் தந்த சிலவற்றில் ‘டி.பி.’ என்ற அவர்களது முத்திரையைக் காணலாம். அதற்குப் பின் அச்சகோதரர்கள் தம் பெயரிலேயே கார் செய்யத் தொடங்கிவிட்டமையால், அம்முத்திரை கண்ட உறுப்பு பழைமையானது என்று துணியலாம். போர்டு என்ற எழுத்தில்லாத உறுப்பு பெரும்பாலும் வெளிக்கம்பெனிகள் செய்து மலிவாக விற்றதாக இருக்கும். அது ஓடாது என்பதில்லை. மூலப்பொருள் அன்று, அவ்வளவே.

பறக்குஞ்சக்கரத்தைப் பற்றி ஒரு சொல். டி மாடலின் மேக்னெட்டோ அச்சக்கரத்தோடு பிணைந்தது. பதினாறு காந்தங்கள் சக்கரத்தில் சுழல, எதிரே அசையாது நிற்கும் பதினாறு கம்பிச் சுருள்களில் மின்சாரம் பிறக்கும். அது பலகையில் உள்ள பெட்டிக்குள் நான்கு அதிர்சுருள்களுக்குச் சென்று, சிலிண்டருக்கு ஒன்றாகப் பொறி தரும். 1913-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் போர்டு தொழிற்சாலையில் இந்த மேக்னெட்டோவைக் கோக்கும் வேலையில்தான், வேலையாட்கள் நிற்க வேலை நகரும் முறை சோதிக்கப்பட்டது. ஒருவர் முழுதும் கோக்க இருபது நிமிடம் ஆன வேலை, இருபத்தொன்பது பேர் வரிசையில் நின்று செய்தபோது பதின்மூன்று நிமிடத்தில் முடிந்தது. பின்னர் ஐந்து நிமிடமாயிற்று. உலகத் தொழிற்சாலைகளின் போக்கையே மாற்றிய அம்முறை ஒரு காந்தச் சக்கரத்தில் தொடங்கிற்று என்பதை எண்ணுந்தோறும் நமக்கு வியப்பாகவே உள்ளது.

இனி எண்ணுக்கு வருவோம். டி மாடலின் பெரும்பாலான ஆண்டுகளில் வரிசை எண் இஞ்சினின் இடப்புறத்தில், தண்ணீர் உட்புகும் வாய்க்கு மேலே ஒரு சிறு மேட்டில் குத்தப்பட்டிருக்கும். 1926 மாடலுக்கு முன் சாஸியில் எண் குத்தும் வழக்கமில்லை. ஆகையால் இஞ்சினின் எண்ணே வண்டியின் எண். இஞ்சினை மாற்றினால் வண்டிக்கே புதுப்பிறவி! இதுமட்டுமன்று; சிலிண்டர் பிளாக் மட்டும் உடைந்து போனால், எண்ணில்லாத புதிய பிளாக்கை விற்பனையாளர் வாங்கிப் பழைய எண்ணை அதில் குத்திக்கொடுக்கும் முறையும் இருந்தது. அவ்வாறாயின் எண் பழையது, இரும்பு புதியது. கார் உற்பத்தி 1927-இல் நின்ற பின்னும் டி மாடல் இஞ்சின்களை மட்டும் போர்டு நிறுவனம் 1941 ஆகஸ்டு 4 வரை செய்துகொண்டிருந்தது. கோயில் திருப்பணியில் பழைய கல்வெட்டுக் கல்லைப் புதுச்சுவரில் வைத்துக் கட்டியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இச்சிக்கலை விளக்க வேண்டுவதில்லை. ரயில் இஞ்சின்களிலும் இதுவே கதை. ஓர் இஞ்சினின் எண்ணைத் தாங்கிய தண்டு மற்றோர் இஞ்சினில் மாட்டியிருப்பதைப் பணிமனையில் கண்டவர் நம் காலனியில் பலர்.

எண்ணைப் படிப்பது நம் பங்கு. நூறாண்டு எண்ணெய்ப்பிசுக்கு அங்கே கெட்டியாய் இருந்தது. கம்பித் தூரிகையால் தேய்க்கப் புகுந்த பேரனை அன்பர் தடுத்தார். ஆழமில்லாத எண்ணை அது அழித்துவிடும். மண்ணெண்ணெய் நனைத்த துணியை அரைமணி நேரம் ஒற்றி வைத்து, மூங்கில் சிம்பால் பிசுக்கை நீக்கி, மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தோம். கல்வெட்டுப் படியெடுப்பது போலவே எழுத்துகள் வெள்ளையாய் எழுந்தன. முதலில் ‘சி’, பின்னர் ஆறு இலக்கங்கள். பதிவுப் புத்தகத்து எண்ணும் அதுவே. ஒவ்வோர் இலக்கமாக இருமுறை ஒத்துப்பார்த்தோம். வால்வுகளின் பக்கம் ஒரே நீண்ட மூடி. தலைப்பு உயரமானது. டைனமோ இருக்க வேண்டிய இடத்தைத் தகடு ஒன்று மூடியிருந்தது.

ஆக, கூடு 1914-க்கு முற்பட்டது. இஞ்சின் 1922-க்கு முற்பட்டதாக இருக்க முடியாது. பேரன் முகம் மலர்ந்தது. மூதாட்டியார் வாயிலிலிருந்து எழுந்து வந்து, “அப்படியானால் எங்கள் மாமனார் சொன்னது?” என்று கேட்டார். அன்பர் இரும்பைத்தான் படிப்பார். அதற்கு விடை இரும்பில் இல்லை.

வண்டியின் காகிதங்கள் ஏதேனும் உண்டா என்று கேட்டோம். ஒரு தகரப் பெட்டி வந்தது. வரி ரசீதுகள், பெட்ரோல் கணக்கு, டயர் பில்கள் ஆகியவற்றுக்கு நடுவே பழுப்பேறிய ஒரு சிறு சீட்டைப் பேரன் ‘ஏதோ அபராத ரசீது’ என்று ஒதுக்கினான். அதனைக் கையில் எடுத்தபோது நமக்கு மெய் சிலிர்த்தது என்று சொன்னால் மிகையன்று. அது வார்ஃபேஜ் ரசீது. ரயிலில் வந்த சரக்கைக் குறித்த காலத்துக்குள் எடுக்காமல் நிலையத்தில் விட்டு வைப்பவரிடம் வாங்கும் கட்டணத்துக்குக் கொடுப்பது. சரக்கு எடுக்கும்போது ரயில்வே ரசீதை நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். ஆதலால் அது எந்த வீட்டிலும் தங்காது. தாமதித்தவன் கட்டிய பணத்துக்கான சீட்டு மட்டும் அவனிடமே தங்கிவிடும். பெரியவர் மூன்று நாள் தாமதித்திருக்கிறார். அத்தாமதம் இல்லையேல் நமக்குச் சான்றே இல்லை.

சீட்டில் புறப்பட்ட நிலையம் பம்பாய். உருப்படி ஒன்று: மரப்பெட்டியில் மோட்டார் இஞ்சின். எடை அக்காலத்து வழக்கப்படி மணங்குக் கணக்கில். ரயில்வே மணங்கு 82 பவுண்டுக்குச் சற்று அதிகம் என்று வைத்துப் பெருக்கினால் பெட்டியோடு கூடிய ஓர் இஞ்சினுக்குப் பொருந்தும் எடைதான். ஆண்டு 1924.

கதை தெளிவாயிற்று. பெரியவர் முதற்காரை வாங்கியது முன்னமே. பழைய இஞ்சின் பழுதாகவே 1924-இல் பம்பாயிலிருந்து வேறு இஞ்சின் தருவித்து மாட்டினார். இஞ்சின் எண்ணே வண்டி எண் என்ற முறையால், பதிவுப் புத்தகம் புது எண்ணுக்கு மாறியது. எழுதியவர் அந்த ஆண்டையே வண்டியின் ஆண்டாகப் போட்டுவிட்டார். குமாஸ்தா என்ற முறையில் அவர்மேல் நமக்குக் கோபமில்லை. கண்முன் இருந்த எண்ணுக்கு ஏற்ற ஆண்டை எழுதினார். நாமும் அதையே செய்திருப்போம். பேரன் புத்தகத்தை நம்பியதும் குற்றமன்று. மூதாட்டியார் கேட்டறிந்தது உண்மை என்றாலும், 1912 என்ற அந்த ஒற்றை ஆண்டுக்கு மட்டும் நம்மிடம் உறுதி இல்லை. கூட்டின் அமைப்பு 1912-க்கும் பொருந்தும், 1913, 1914-க்கும் பொருந்தும். இதனையும் அவரிடம் மறைக்காமல் சொன்னோம். “வாங்கியவர் அவர், நீங்கள் வாங்கவில்லையே” என்றார் அவர். மறுமொழி சொல்ல நம்மால் இயலவில்லை.

மூல வடிவு என்று விதி கூறுவதில் மாற்று இஞ்சின் அடங்குமா என்ற கேள்வி எஞ்சி நின்றது. நம் கருத்தில் அடங்கும். வேறு வகை டீசல் இஞ்சினை வைத்தால்தான் மாற்றம். அதே நிறுவனம், அதே மாடலுக்கென்றே செய்து விற்ற இஞ்சின், அதுவும் நூறாண்டுக்கு முன்னரே மாட்டியது, வண்டியின் வரலாற்றில் ஒரு பகுதி. ஆயினும் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் பதிவு அதிகாரி. ஆகையால் விண்ணப்பத்தில் உடற்கூடு 1914-க்கு உட்பட்டது, இஞ்சின் 1924-இல் தருவித்தது என்று இரண்டையும் எழுதி, வார்ஃபேஜ் ரசீதின் நகலையும் பென்சில் படியையும் சேர்க்குமாறு பேரனிடம் கூறினோம். எழுத்துப் பகுதியைக் காலனியிலிருந்து நாமே தயாரித்துக் கொடுத்தோம். ரசீதின் மூலப்படியை மூதாட்டியார் யாரிடமும் தர மறுத்துவிட்டார். கண்ணாடிச் சட்டம் போட்டு மாமனார் படத்துக்குக் கீழே மாட்டியிருப்பதாகப் பேரன் தொலைபேசியில் சொன்னான்.

விண்ணப்பம் இன்னும் போகவில்லை. வண்டியை ஓட்டிப் பார்த்த பின்னரே அனுப்புவது என்று பேரன் உறுதியாய் இருக்கிறான். அன்பர் வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை அங்குச் சென்று வேலை பார்க்கிறார். மேக்னெட்டோ நலமாக உள்ளது. பெட்டியில் இருக்க வேண்டிய நான்கு அதிர்சுருள்களில் ஒன்றைக் காணவில்லை. மரப்பெட்டிக்குள் அடைத்த, உள்ளங்கையில் அடங்கக்கூடிய சுருள் அது. மேலே பித்தளை முனைகள் இருக்கும். அன்பர்கள் எவரிடமேனும், அல்லது அவர்களது சொந்த ஊரில் பழைய கராஜ்களிலேனும் அத்தகையது இருப்பதாகத் தெரிந்தால், சங்கச் செயலாளரிடம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம். உரிய விலையும் அனுப்பும் செலவும் கொடுக்கப்படும்.